மிளகுத் தண்ணீரும் எட்டுச் சாட்சிகளும்

1676 ஏப்ரலில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்து ஜவுளி வியாபாரி ஒருவர் கொஞ்சம் மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். மிளகு ஏன் உறைக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. மிளகுத் துகள்கள் முள்முள்ளாக இருக்கும், அவை நாக்கில் குத்துவதால்தான் காரம் தெரிகிறது என்பது அவர் ஊகம். தானே தேய்த்துச் செய்த குட்டிக் கண்ணாடி வில்லையை ஓர் உலோகத் தகட்டில் பதித்து, கண்ணோடு ஒட்டவைத்துக்கொண்டு, வாரக்கணக்கில் ஊறிய அந்தத் தண்ணீரைப் பார்த்தார். முள் எதுவும் அகப்படவில்லை. எண்ணி மாளாத சிற்றுயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன.

ஆண்டனி வான் லீவன்ஹூக் என்ற அந்த வியாபாரி அதே அக்டோபரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு நீண்ட கடிதம் எழுதினார். டச்சு மொழியில்தான் எழுத முடிந்தது, லத்தீன் தெரியாது. பல்கலைக்கழக வாசலை மிதித்ததில்லை. ஒரு துளித் தண்ணீருக்குள் லட்சக்கணக்கான உயிர்கள் என்று ஒரு துணிக்கடைக்காரர் எழுதினால் யார் நம்புவார்கள்? லண்டனிலும் நம்பவில்லை. லீவன்ஹூக் ஒரு காரியம் செய்தார். பாதிரிமார், நோட்டரி என்று ஊரில் மதிப்புள்ள எட்டுப் பேரை அழைத்து வில்லை வழியாகப் பார்க்கவைத்து, பார்த்ததை எழுதி வாங்கி 1677-ல் லண்டனுக்கு அனுப்பினார். கிரயப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூப்பிடுவோமே, அதே முறை. அந்த எட்டுப் பேருக்கும் நுண்ணுயிரைப் பற்றி எதுவும் தெரியாது. அவர்கள் பொய் சொல்ல மாட்டார்கள் என்பது ஊருக்குத் தெரியும். அந்தத் தகுதி போதுமானதாக இருந்தது.

லண்டனில் ராயல் சொசைட்டியின் ராபர்ட் ஹூக் தானும் மிளகை ஊறவைத்துப் பார்த்தார். முதலில் பலிக்கவில்லை. நவம்பர் 15 அன்று பலித்தது. அன்று யார் யார் பார்த்தார்கள் என்று சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பெயர் பெயராக எழுதிவைத்தார்கள். கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னும் அவர்களில் ஒருவர். நுண்ணுயிர்கள் "உண்மை" ஆன தேதி எது என்று கேட்டால், மிளகு ஊறிய ஏப்ரலைவிடப் பெயர்ப் பட்டியல் எழுதப்பட்ட இந்த நவம்பரையே நான் சொல்வேன்.

நம் பாடப்புத்தகங்கள் அறிவியலின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரிசையாகச் சொல்கின்றன. ஆர்க்கிமிடிஸ் தொட்டியிலிருந்து குதித்தார், நியூட்டன் தலையில் ஆப்பிள் விழுந்தது என்று போகும் கதை. அதில் மேதைகள் உண்டு, ஊர் இல்லை. நேரில் பார்க்க முடியாத ஒன்றை யார் சொன்னால் நம்புவது, எப்படிச் சொன்னால் நம்புவது என்ற வழக்கங்கள் எங்கே, எப்படி உருவாயின என்பது இன்னொரு வரலாறு. நவீன மேற்கத்திய அறிவியலை ஒரு பண்பாடாகப் பார்ப்பது என்றால் இந்த வழக்கங்களைப் பார்ப்பதுதான். கடந்த நூறு ஆண்டுகளில் வரலாற்றாசிரியர்கள் இதற்காகத் தங்களுக்குள் நன்றாகவே சண்டை போட்டிருக்கிறார்கள்.

சண்டையைத் தொடங்கிவைத்தவர் என்று சோவியத் இயற்பியலாளர் போரிஸ் ஹெஸ்ஸனைச் சொல்லலாம். 1931-ல் லண்டனில் நடந்த அறிவியல் வரலாற்று மாநாட்டில், நியூட்டனின் 'பிரின்சிபியா' வானத்திலிருந்து இறங்கவில்லை, கப்பலோட்டம், சுரங்கம், பீரங்கி ஆகியவற்றின் தேவைகளிலிருந்து பிறந்தது என்று வாதிட்டார். நியூட்டனின் சொந்த நாட்டிலேயே போய் இப்படிச் சொன்னது பலருக்கு அதிர்ச்சி, இளைஞர்கள் சிலருக்கு உற்சாகம். ஐந்தே ஆண்டுகளில் ஸ்டாலின் ஆட்சி ஹெஸ்ஸனைச் சுட்டுக்கொன்றது. 1938-ல் அமெரிக்க சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன், பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ப்யூரிட்டன் கிறிஸ்தவத்தின் ஒழுக்கமும் உழைப்புமே அறிவியலுக்கு உரமிட்டன என்றார். கலிலியோ கத்தோலிக்கர், அன்றைய நல்ல வானியலாளர்கள் பலர் ஏசு சபைத் துறவிகள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த உரம் எல்லா வயலுக்கும் போனதாகத் தெரியவில்லை. அலெக்ஸாண்டர் கோய்ரே இரண்டையும் ஏற்கவில்லை. நடந்தது சிந்தனைப் புரட்சி, கலிலியோ பல சோதனைகளை மனதுக்குள்தான் செய்தார் என்றார். பிற்பாடு ஸ்டில்மன் டிரேக் கலிலியோவின் கைக்குறிப்புகளை நோண்டிப் பார்த்தபோது, மனிதர் சாய்பலகையில் குண்டுகளை நிஜமாகவே உருட்டி அளந்திருக்கிறார் என்று தெரிந்தது. அச்சு எந்திரம்தான் காரணம் என்று எலிசபெத் ஐசன்ஸ்டைன் 1979-ல் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். ஒவ்வொருவர் கையிலும் யானையின் ஓர் உறுப்பு இருந்தது என்று சொல்லி நகர்ந்துவிடலாம்தான். ஆனால் எல்லா உறுப்பும் சம எடை கொண்டவை அல்ல.

எனக்கு எடை கூடுதலாகத் தெரிவது எட்கர் ஸில்ஸெலின் வாதம். வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்த ஸில்ஸெல், 1942-ல் இதைச் சொன்னார்: புத்தகம் படித்தவர்களும் கைவேலை தெரிந்தவர்களும் நெடுங்காலம் தனித்தனியாக இருந்தார்கள், அந்தச் சுவர் இடிந்தபோதுதான் நவீன அறிவியல் பிறந்தது. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் 1543-ல் பாசெல் நகரில் அச்சான வெசாலியஸின் உடற்கூறு நூலின் முகப்புப் படத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்பெல்லாம் பேராசிரியர் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனின் நூலை வாசிப்பார், கீழே நாவிதர் உடலை அறுப்பார். வாசிப்பவர் பார்ப்பதில்லை, பார்ப்பவருக்கு வாசிக்கத் தெரியாது. வெசாலியஸ் அந்தப் படத்தில் நாற்காலியை விட்டு இறங்கி, தானே பிணத்தின்மேல் கை வைத்து நிற்கிறார்.

ஸில்ஸெலுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே வங்காளத்து வேதியியலாளர் பிரபுல்ல சந்திர ராய், இந்திய வேதியியலின் வரலாற்றை எழுதும்போது இதே இடத்தைத் தொட்டுவிட்டார். கைத்தொழில்கள் தாழ்ந்த சாதிகளிடம் ஒதுக்கப்பட்டு, படித்தவர் கையை அழுக்காக்கிக்கொள்ளக் கூடாது என்றானதே இங்கே அறிவியல் பட்டுப்போகக் காரணம் என்று எழுதினார். நம் ஊர்களில் ரண வைத்தியம் பார்த்தவரும் நாவிதர்தான், அவருக்கு மருத்துவர் என்றே பெயர். அவர் இருந்த தெருவுக்கு இறங்கிவந்து பாடம் கேட்ட பண்டிதர்கள் எத்தனை பேர்?

மிளகிலிருந்து காற்றுக்கு வருவோம். சாட்சிகளின் பண்பாட்டை நுணுக்கிப் பார்க்க இதைவிட நல்ல கதை கிடையாது. 1659-ல் ராபர்ட் பாயில் என்ற செல்வந்தருக்காக ஹூக் ஒரு காற்றுப் பம்பு செய்து கொடுத்தார். மேலே பெரிய கண்ணாடிக் குடம், கீழே பித்தளை உருளை, தோல் சுற்றிய உந்து, அதை இழுக்கப் பல்சக்கரக் கைப்பிடி. உந்து வழுக்கிப் போக எண்ணெய் ஊற்ற வேண்டும், எவ்வளவு அடைத்தாலும் எங்காவது காற்று கசியும். குடத்துக்குள் வானம்பாடியை வைத்துக் காற்றை உறிஞ்சினால் அது துடித்து விழும். 1660-களில் இப்படிப்பட்ட பம்புகள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. இதைச் செய்ய ஆகும் செலவு சாதாரணமானதல்ல.

பம்பு இல்லாதவர்களை எப்படி நம்பவைப்பது? பாயில் இதற்கு ஓர் எழுத்து நடையைக் கண்டுபிடித்தார். சோதனை நடந்த விதத்தை வளவளவென்று எழுதினார், கருவியின் படம் போட்டார், தோற்றுப்போன சோதனைகளையும் மறைக்காமல் சொன்னார். படிப்பவர் தானே பக்கத்தில் நின்று பார்த்ததுபோல் ஆகிவிட வேண்டும். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் பள்ளிக்கூட ஆய்வகம் நினைவுக்கு வரும். தனி ஊசலை ஆட்டிப் புவியீர்ப்பு முடுக்கத்தை அளக்கச் சொல்வார்கள். எங்களுக்கு 9.2 வரும், 10.5 வரும். ரெக்கார்டு நோட்டில் மட்டும் எல்லோருக்கும் 9.8 வரும். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அலைவு நேரத்தை நிரப்புவதில் எங்கள் வகுப்பே தேர்ச்சி பெற்றிருந்தது. ஆசிரியருக்கும் தெரியும், கையெழுத்துப் போட்டுவிடுவார். அறிவியலின் முடிவுகளை மனப்பாடமாக வாங்கிக்கொண்டு, அதன் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிட்டோம் என்று புரிய வெகுநாள் ஆயிற்று.

பாயிலை எதிர்த்தவர் சாமானியர் அல்ல, 'லெவியதன்' எழுதிய தாமஸ் ஹாப்ஸ். அவர் கேட்டவை இன்றும் சுருக்கென்று தைக்கின்றன. பம்பு கசிகிறது, அப்புறம் எப்படி அதற்குள் வெற்றிடம் என்கிறீர்கள்? எல்லோர் முன்னிலையிலும் என்கிறீர்களே, உங்கள் கூட்டத்துக்குள் யார் வேண்டுமானாலும் வரலாமா? நாலு கனவான்கள் கதவை அடைத்துக்கொண்டு பார்த்தால் அது பொதுச்சாட்சியா? ஹாப்ஸை ராயல் சொசைட்டி கடைசிவரை உறுப்பினராக்கவில்லை. இதற்கிடையே ஹாலந்தில் வானியலாளர் ஹொய்கன்ஸ் தானும் ஒரு பம்பு செய்து, பாயிலின் பம்பில் தெரியாத ஒரு விளைவைக் கண்டதாகச் சொன்னார். உங்கள் பம்பு கசிகிறது என்று லண்டன்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பம்பு சரியா என்பதற்கு அது தரும் விடைதான் அளவுகோல், விடை சரியா என்பதற்குப் பம்புதான் அளவுகோல்! 1663-ல் ஹொய்கன்ஸே லண்டனுக்கு வந்த பிறகு அங்கேயும் அந்த விளைவு தெரிந்தது. ஆள் பயணப்பட வேண்டியிருந்தது. வெறும் எழுத்தால் அறிவு கடல் கடக்கவில்லை.

ஸ்டீவன் ஷேப்பின், சைமன் ஷாஃபர் இருவரும் 1985-ல் இந்த வழக்கை நூலாக எழுதியபோது, ஹாப்ஸ் பக்கமும் நியாயம் இருந்தது என்று காட்டினார்கள். அறிவியல் வரலாறு அதன்பின் பழையபடி இருக்கவில்லை. அதிலிருந்து சிலர் ஒரு தாவு தாவினார்கள்: எல்லாம் கனவான்களின் ஏற்பாடு என்றால், காற்றழுத்தமும் ஏற்பாடுதானே? எனக்கு இந்தத் தாவலில் உடன்பாடில்லை. பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்து ஊர் வழக்கம்தான். அதனால் நிலம் கற்பனை என்று ஆகிவிடாது.

ஆனால் யார் சாட்சியாகலாம் என்ற ஹாப்ஸின் கேள்வியை அப்படித் தள்ளிவிட முடியாது. பாயிலின் பம்பை மூச்சிரைக்க இழுத்த வேலைக்காரர்கள் பலருக்கு அறிக்கையில் பெயரே இல்லை. கனவான் சொல் நம்பத்தக்கது, கூலி வாங்குபவன் எஜமான் சொன்னபடி சொல்வான் என்பது அன்றைய நியாயம். பெண் சொல்லுக்கும் அதே கதி. தத்துவ நூல்கள் எழுதிய மார்கரெட் கேவண்டிஷ் 1667-ல் ஒரு நாள் ராயல் சொசைட்டிக்குப் போய் வேடிக்கை பார்க்க அனுமதி கிடைத்தது. பெண் உறுப்பினர்களைச் சேர்க்க அந்தச் சங்கத்துக்கு 1945 ஆயிற்று.

இதே சாட்சி வழக்கம் நம் பக்கத்துக் கடற்கரைக்கும் வந்தது. மிளகுக்காகக் கொச்சியில் உட்கார்ந்திருந்த டச்சுக் கம்பெனியின் ஆளுநர் வான் ரீட், மலையாளக் கரையின் 700-க்கும் மேற்பட்ட தாவரங்களைப் படத்தோடு தொகுத்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' என்ற அந்த நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதியில், இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் மூன்று கொங்கணி பிராமணர்களும் எழுதிக்கொடுத்த சான்றுகள் உள்நாட்டு எழுத்திலேயே அச்சாகியிருக்கின்றன. டெல்ஃப்ட் பாதிரிமார் லீவன்ஹூக்குக்குக் கையெழுத்துப் போட்ட மறு ஆண்டு இது. ஐரோப்பாவின் படித்த கனவான்கள் வாசிக்கவே முடியாத, கோலெழுத்து என்ற பழைய மலையாள எழுத்தில் அமைந்த சான்று ஒன்று அவர்கள் நூலுக்கு நம்பகம் தர வேண்டியிருந்தது. இட்டி அச்சுதனின் அறிவு நூலுக்குள் போயிற்று, அவர் பெயரும் சான்றில் நின்றது. அதோடு சரி. அடுத்த தொகுதிக்குக் கேள்வி கேட்டு எழுத, மறுப்புச் சொல்ல அவருக்கு இடமில்லை. சாட்சிக்கு அழைக்கப்பட்டார், சபையில் உட்கார அழைக்கப்படவில்லை.

இங்கேதான் "மேற்கத்திய" என்ற அடைமொழி இடிக்கிறது. கோபர்னிகஸ் 1543-ல் பயன்படுத்திய கணித உத்திகளில் சில, 13-ஆம் நூற்றாண்டில் மராகா வானாய்வகத்தில் நசீருத்தீன் தூசியும், அடுத்த நூற்றாண்டில் டமாஸ்கஸில் இப்னு ஷாத்திரும் வகுத்தவற்றோடு அப்படியே ஒத்துப்போகின்றன. கேரளத்துப் பரமேஸ்வரர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கிரகணங்களைப் பார்த்துப் பழைய கணக்கைத் திருத்தி 1431-ல் 'திருக்கணிதம்' எழுதினார். கண்ணால் பார்ப்பதும் கணக்கைத் திருத்துவதும் ஐரோப்பாவின் தனிச்சொத்து அல்ல. ஜோசப் நீதம் 1954-லிருந்து தொகுதி தொகுதியாகச் சீன அறிவியல் வரலாற்றை வெளியிட்டுக்கொண்டே, இவ்வளவு இருந்தும் நவீன அறிவியல் ஏன் அங்கே எழவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேள்வியைக் கொஞ்சம் சின்னதாக்கிப் புதுச்சேரியில் வைத்துப் பார்க்கலாம்.

1760-ல் பிரான்சிலிருந்து கிளம்பிய வானியலாளர் லெ ஜென்டி, வெள்ளிக் கிரகம் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியில் பார்க்க நினைத்தார். ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டதால் 1761-ல் ஆடும் கப்பலிலிருந்து பார்த்தது ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 விடியலில் புதுச்சேரி வானத்தை மேகம் மூடிக்கொண்டது. பாவம் மனிதர். அந்தக் காத்திருப்பில் அவர் உருப்படியாகச் செய்த ஒன்று, உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணக்குக் கற்றது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவு, ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையது 68 விநாடி அதிகம்.

ஒரே கிரகணத்தை வைத்து மார் தட்டிக்கொள்ள வேண்டாம். 1825-ல் அதே புதுச்சேரியில் ஜான் வாரன் என்பவர் இன்னொரு பஞ்சாங்கக்காரரைப் பார்த்தார். தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, அட்டவணைகள் அத்தனையையும் வாக்கியங்களாக மனப்பாடத்திலிருந்து எடுத்து, தாளோ எழுதுகோலோ தொடாமல் கிரகணத்தைக் கணித்தார் அவர். அந்த மே 31 இரவுக் கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23, முடிவில் 52. கணக்குக்குப் பின்னால் உள்ள கோட்பாடு அவருக்குத் தெரியாது என்றும் வாரன் குறித்திருக்கிறார். 1952-ல் வானியல் வரலாற்றாசிரியர் ஆட்டோ நொய்கெபவர் இந்தக் குறிப்பை ஆராய்ந்து, இந்தக் கணக்கு முறையின் ஓர் இழை பண்டைய பாபிலோன்வரை போகிறது என்று காட்டினார்.

முதல் கிரகணத்தில் தமிழ்க் கணக்கு வென்றது, இரண்டாவதில் தடுமாறியது. மேயரின் 68 விநாடிப் பிழைக்கு என்ன ஆயிற்று? அது அச்சில் இருந்தது. முன்பின் தெரியாதவன் எவனும் எடுத்துச் சரிபார்த்துக் குறை சொல்லலாம், சொல்வதற்குச் சஞ்சிகையும் தபாலும் இருந்தன. அப்படித்தான் அட்டவணை மேல் அட்டவணை வந்தது. பஞ்சாங்கக்காரரின் 52 நிமிடம் அவர் மனதுக்குள், அவர் குடும்பத்துக்குள் இருந்தது. பரமேஸ்வரரின் திருத்தமும் குரு-சிஷ்ய வரிசையில் அழகாக இறங்கிவந்து, அந்த வரிசைக்கு வெளியே பரவாமல் நின்றது. அறிவிலோ கூர்மையிலோ குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அந்நியன் வந்து குறை சொல்ல ஒரு திண்ணை இல்லை. லண்டனில் ராயல் சொசைட்டியின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் தொடங்கிய சஞ்சிகையான 'பிலசாஃபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' அப்படிப்பட்ட திண்ணை. வெளிநாட்டாரோடு இவ்வளவு கடிதம் எழுதுகிறாரே என்று சந்தேகப்பட்டு 1667-ல் அவரைச் சிறையில் போட்டார்கள். நவீன அறிவியலை உண்டாக்கிய ஒரே மனிதர் யார் என்று கட்டாயப்படுத்திக் கேட்டால், எதையும் கண்டுபிடிக்காத இந்தச் செயலாளரைத்தான் சொல்வேன்.

நம்மவர்கள் அந்தத் திண்ணையில் ஏறாமலும் இல்லை. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சிறுநூல் எழுதினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கனவான்களின் காலம் முடிந்து சம்பளக்காரர்களின் காலம் வந்தது. விஞ்ஞானியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே 1833-ல் வில்லியம் ஹியூவெல் உண்டாக்கியதுதான். நியூட்டனை யாரும் அப்படி அழைத்ததில்லை. ஜெர்மனியின் கீசன் நகரில் லீபிக் 1824 முதல் மாணவர்களைக் கூட்டமாக வைத்து வேதியியல் பயிற்றினார். பட்டம் சாட்சியின் இடத்தைப் பிடித்தது, ஊர்ப் பெரியவர் கையெழுத்து தேவைப்படாமல் போயிற்று. கட்டுரையை அச்சிடுமுன் வேறு நிபுணர்களிடம் காட்டி வாங்கும் மதிப்பாய்வு ஆதிகால வழக்கம் என்று நினைக்கிறோம். 1936-ல் ஐன்ஸ்டைன் அனுப்பிய கட்டுரையை அமெரிக்க இதழ் ஒன்று இன்னொருவரிடம் காட்டியதற்கு அவர் கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தவறு என்று சொன்ன அந்த மதிப்பாய்வாளர் சொன்னதுதான் சரி. 'நேச்சர்' இதழ் 1973-ல்தான் வெளி மதிப்பாய்வைக் கட்டாயமாக்கியது.

தாமஸ் கூன் 1962-ல், விஞ்ஞானிகள் ஒரு சட்டகத்துக்குள் வளர்ந்து அதற்குள்ளேயே யோசிப்பவர்கள், சட்டகம் உடையும்போதுதான் புரட்சி என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு அறிவியலும் ஒரு புராணமே என்று சொன்னவர்களைக் கேலி செய்ய, இயற்பியலாளர் ஆலன் சோகல் 1996-ல் அர்த்தமில்லாத கட்டுரை ஒன்றை எழுதிப் பண்பாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டும் காட்டினார். சிரிப்பு அடங்குவதற்குள் வேறு பக்கத்திலிருந்து அடி விழுந்தது. 2015-ல் உளவியலாளர்கள் கூட்டாகச் சேர்ந்து, பெயர்பெற்ற இதழ்களில் வந்த 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்துபார்த்தார்கள். முதலில் 97 சதவீதம் பொருட்படுத்தத்தக்க முடிவு தந்திருந்தவை, மறுமுறை 36 சதவீதம்தான் தந்தன. எங்கள் ரெக்கார்டு நோட்டு எங்கள் பள்ளியோடு நின்றுவிடவில்லை போலும். இதைக் கண்டுபிடித்து வெளியே சொன்னவர்களும் உளவியலாளர்களே. குறை சொல்லும் அந்தத் திண்ணை இன்னும் இடியவில்லை.

லீவன்ஹூக் 1723-ல் இறந்தபோது 26 வெள்ளி நுண்ணோக்கிகளை ராயல் சொசைட்டிக்கு எழுதிவைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை காணாமல் போயின. கடிதங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. 1981-ல் பிரயன் ஃபோர்ட் என்ற உயிரியலாளர் அந்தக் கடிதக் கட்டைப் புரட்டியபோது, 1674-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றோடு சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள் ஒட்டியிருந்தன. உள்ளே லீவன்ஹூக் தன் கையால் மெல்லியதாகச் சீவி அனுப்பிய தக்கை, செடித்தண்டின் சோறு, மாட்டின் கண் நரம்பு. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியவை. ஃபோர்ட் அவற்றை எடுத்துப்போய், உட்ரெக்ட் நகரில் மிஞ்சியிருக்கும் லீவன்ஹூக்கின் நுண்ணோக்கி ஒன்றின் வழியாகவே பார்த்தார். நன்றாகத் தெரிந்தன.